வீட்டு இலக்கம் பெற்ற லொறி

சென்ற மாதம் எனது பழைய பிரதேச செயலகத்தில் ஒரு விழா நடைபெற்றது. வாகன வரிப்பத்திரத்தைக் கைத்தொலைபேசி மூலமே பெற்றுக்கொள்ளும் வசதியை அங்கே தொடக்கி வைத்தார்கள். ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்திருந்தது. கல்லடியிலிருந்து பேருந்தில் சென்று முன்வரிசையில் அமர்ந்தேன். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய இளம் உத்தியோகத்தர் என்னைச் சபைக்கு அறிமுகம் செய்து வைத்தார். எனது நீண்ட சேவையைப் பற்றிச் சொல்வதற்கு அவருக்கு எத்தனையோ விடயங்கள் இருந்தன. ஆனால் அவர் சொன்னது இது ஒன்றுதான்: "வீட்டுக்கு வாகன வரிப்பத்திரம் வழங்கிய ஐயா இவர்தான்."

சபை சிரித்தது. பண்பு கருதி நானும் சிறிதளவு சிரித்தேன்.

அந்த அறிமுகத்தில் பிழை இருந்தது. அங்கேயே அதைத் திருத்துவது நாகரிகம் ஆகாது என்பதால் பொறுத்துக்கொண்டேன். ஓய்வூதியர் சங்கத்தினர் தமது மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை கேட்டிருப்பதால் இங்கே திருத்துகிறேன். நான் வீட்டுக்கு வரிப்பத்திரம் வழங்கியவன் அல்லேன், லொறிக்கு வழங்கியவன். அந்த லொறியில் அதற்கு முதல் நாள் வரை ஒரு குடும்பம் குடியிருந்தது என்பது உண்மை. அது வேறு விடயம்.

மட்டக்களப்பு நகரில் பெயர் பெற்ற கல்லூரியொன்றில் பயின்று, குடியியலுக்கும் தமிழுக்கும் பரிசில் பெற்று, போட்டிப் பரீட்சையில் தேறி எழுதுவினைஞனாகச் சேர்ந்தவன் நான். பயிற்சிக் காலத்தைப் பற்றி விரித்துரைக்க எதுவும் இல்லை. வாகனத்தைப் பாராதே, வாகனத்தின் பத்திரங்களைப் பார் என்று என்னைப் பயிற்றிய பிரதம இலிகிதர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டேன். பின்னர் வாகன வரிக்கான விடய உத்தியோகத்தர் ஆனேன். சேவைக்காலம் முழுவதும் அந்தக் கருமபீடத்திலேயே இருந்தேன் என்று சொன்னால் மிகையாகாது.

பெரிய ஆலைகளுக்கும் கொந்தராத்துக்காரருக்கும் பல லொறிகள் உண்டு. பத்திரங்களைக் கொண்டு வருவதற்குத் தனி ஆளும் உண்டு. எனது கருமபீடத்துக்கு நேரில் வந்தவர்கள் ஒற்றை லொறிக்காரர்கள். தாமே உரிமையாளர், தாமே சாரதி, ஆள் குறைந்தால் தாமே சுமையாளி. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வட்டைகளில் நெல்லை ஏற்றிக் கிழக்கே எழுவான்கரை ஆலைகளில் இறக்குவார்கள். வெள்ளாமை இல்லாத காலத்தில் செங்கல், தேங்காய். திருவிழா வந்தால் பந்தல் சாமான். தேர்தல் வந்தால் கதிரைகள். ஆண்டுதோறும் புகைச் சான்றிதழ், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், சென்ற ஆண்டின் வரிப்பத்திரம் ஆகியவற்றோடு வருவார்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நான் பத்திரம் வழங்கியதில்லை. எனது மைத்துனரின் லொறியும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. அவர் இன்றும் என்னோடு முழுமையாகப் பேசுவதில்லை.

இந்தக் கண்டிப்பின் பயனை விளக்க ஒரு சிறு நிகழ்வைச் சொல்லலாம். லொறியின் வெற்று நிறை கூடினால் வரியின் தரமும் கூடும். அக்காலத்தில் நெல் ஆலையின் தராசு மேடையில் லொறியை ஏற்றி நிறைச் சான்றிதழ் பெறுவார்கள். ஒருவர் தமது லொறியை நிறுக்கச் சென்றபோது, வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பிய மாமியாரும் முன் ஆசனத்தில் இருந்திருக்கிறார். இறங்கும்படி கேட்டதற்கு அந்த அம்மையார், "நான் என்ன நெல்லு மூட்டையா, இறக்கி ஏத்த?" என்று கூறி இருந்துவிட்டார். தராசில் வந்த நிறை அப்படியே பதிவாயிற்று. லொறி மேல் தரத்துக்கு ஏறியது. மருமகன் ஆண்டுதோறும் அந்தத் தரத்துக்கே வரி செலுத்தினார். அம்மையார் காலமான பின்னர் அவரிடமிருந்து ஒரு மனு வந்தது. "எனது லொறியின் வெற்று நிறையில் எனது மாமியாரும் அடங்குவார். அன்னார் இறைபதம் எய்திவிட்டபடியால் நிறையைக் குறைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று எழுதியிருந்தார். நான் மரணச் சான்றிதழை இணைக்கச் சொன்னேன். அது விதிப்படி தேவையில்லை என்று பின்னாளில் சிலர் கூறினார்கள். நிறை குறைந்தால் குறைந்ததற்கான ஆதாரம் அலுவலகக் கோவையில் இருக்க வேண்டும் என்பதே அன்றும் இன்றும் எனது நிலைப்பாடு.

இனி, எங்கள் பிரதேச செயலாளர் திரு. நவரெத்தினம் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் லொறியின் விவகாரம் விளங்காது.

அவர் ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை. தம்மிலும் மூத்தவர்களைக்கூடத் தம்பி என்றே அழைப்பார். மனுதாரரை இருத்திவிட்டுத் தாம் நின்றபடி கோவையைப் படிப்பார். எதைச் சொன்னாலும், "பைல் என்ன சொல்லுது தம்பி?" என்பார். கோவை ஒன்றும் சொல்லாத நேரங்களும் உண்டு. அப்போது அவர் நடந்து சென்று மின்விசிறியை நிறுத்துவார். தாள்கள் அசைந்தால் தமக்குச் சிந்தனை ஓடாது என்பது அவருடைய கொள்கை. முடிவு கிடைக்கும் வரை விசிறி சுழலாது. சித்திரை வெயிலில் அந்த அறையில் நின்று, ஓர் எல்லை வேலித் தகராறு தீரும் வரை வியர்வையில் நனைந்த நாளை நான் மறக்கவில்லை. வெளியே இருக்கும் எழுதுவினைஞர்கள் விசிறி நின்றதைக் கண்டால் யாருக்கோ இன்று தீர்ப்பு என்று உணர்ந்துகொள்வார்கள். வழக்கம் அறியாத மனுதாரர்கள் மட்டும், "கரண்ட் போயிற்றா ஐயா?" என்று கேட்பார்கள்.

சாமித்தம்பி என்பவர் வாவிக்கரையை அண்டிய கிராமமொன்றைச் சேர்ந்த ஒற்றை லொறிக்காரர். ஒருமுறை அவருடைய லொறியின் எஞ்சின் இறுகி, வீட்டு வளவின் மூலையில் நின்றுவிட்டது. ஓடாத லொறிக்கு வரி இல்லை. ஆனால் ஓடவில்லை என்று உரிமையாளர் பிரகடனம் செய்ய வேண்டும். அது இன்ன இடத்தில் நிற்கிறது என்று கிராம உத்தியோகத்தர் கண்டு உறுதிப்படுத்த வேண்டும். இரண்டும் முறைப்படி நடந்தன. நானே பதிவு செய்தேன்.

அதே ஆண்டில் அவருடைய மூத்த மகளுக்குத் திருமணம் நடந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மூத்தவளுக்குக் கலியாணம் ஆனதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் மூலையில் கொட்டில் போட்டு இருந்துகொண்டு, அடுத்தவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். வெளியூரவர் இதைக் கேட்டு வியப்பதுண்டு. எங்களுக்கு இதில் வியப்பில்லை. சாமித்தம்பியும் அவ்வாறே வீட்டைக் கொடுத்தார். கொட்டில் போட வேண்டிய மூலையில் லொறி நின்றது. அதை நகர்த்துவதற்கு எஞ்சின் இயங்கவில்லை. ஆகவே அவரும் அவருடைய மனைவி வள்ளிப்பிள்ளையும் இளைய மகளும் லொறியில் ஏறிக்கொண்டார்கள்.

இந்தக் குடியேற்றம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, எஞ்சினைத் திருத்திவிட்டேன், வரிப்பத்திரம் வேண்டும் என்று சாமித்தம்பி கருமபீடத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அவர் கொடுத்த வதிவிடச் சான்றிதழில் விலாசத்துக்குரிய இடத்தில் லொறியின் இலக்கம் இருந்தது.

"இதென்ன, விலாசத்தில லொறி நம்பரப் போட்டிருக்கு?" என்றேன்.

"அதிலதான் இரிக்கம் ஐயா."

"லொறியிலயா?"

"ஓம். வடக்குப் பாத்த வாசல். காத்து நல்லா வரும்."

சான்றிதழ் வழங்கிய கிராம உத்தியோகத்தர் ஓர் இளம் பெண். அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஓடாத லொறி என்று உறுதிப்படுத்தியவரும் நீங்கள், குடும்பம் வசிக்கும் வீடு என்று சான்றளித்தவரும் நீங்கள், இது எப்படி என்று வினவினேன்.

"சேர், லொறி ஓடுதா எண்டு கேட்டிங்க. ஓடேல்ல. அதுக்குள்ள ஆக்கள் இரிக்காங்களா எண்டு கேட்டாங்க. இரிக்காங்க. ரெண்டும் உண்மதானே? நான் எதப் பொய்யா எழுத?" என்றார்.

இரண்டு சான்றிதழ்களையும் ஒரே கோவையில் சேர்த்தேன். மேலும் விசாரித்தபோது பிரதேச சபையின் பங்கும் வெளிப்பட்டது. வீடுகளுக்கு இலக்கமிட வந்த ஊழியர் அங்கே கூரை, கதவு, அடுப்பு மூன்றையும் கண்டு, அரைநிரந்தரக் கட்டடம் என்று பதிந்து, சாரதி ஏறும் கதவில் வீட்டு இலக்கத்தை வெள்ளை நிறத்தில் எழுதிவிட்டுச் சென்றிருக்கிறார். ஆக, அந்த லொறிக்கு முன்னால் ஓர் இலக்கமும் பக்கத்தில் ஓர் இலக்கமும் இருந்தன.

கோவையைத் திரு. நவரெத்தினத்திடம் கொண்டு சென்றேன். சாமித்தம்பியை இருத்திவிட்டு, நின்றபடி முழுவதையும் படித்தார்.

"பைல் என்ன சொல்லுது தம்பி?"

"ரெண்டும் சொல்லுது சேர்."

அவர் நடந்து சென்று விசிறியை நிறுத்தினார்.

"கரண்ட் போயிற்றா ஐயா?" என்றார் சாமித்தம்பி.

"இல்ல தம்பி. யோசிக்கிறம்." பிறகு கோவையை மூடிவிட்டுத் திரு. நவரெத்தினம் சொன்னார்: "ஒரு கந்தோர் ஒரே சாமான வீடெண்டும் எழுதி லொறியெண்டும் எழுதேலாது. லொறியெண்டா ஓடலாம். வீடெண்டா ஓடேலாது. எது எண்டு முதல்ல முடிவெடுக்கணும்."

சாமித்தம்பி எழுந்து நின்றார். "ஐயா, நெல்லு வெட்டுத் தொடங்கப் போகுது. வெட்டுக்கு ஓடினாத்தான் சின்னவளுக்கு வீட்டு வேல முடியும். அத்திவாரம் போட்டு ரெண்டு மாரியா நனைஞ்சுகொண்டு கிடக்கு. வீடு முடிஞ்சாத்தான் கலியாணம்."

"லொறி வீட்டுக்கு இலக்கம் இரிக்குத்தானே?" என்றார் திரு. நவரெத்தினம்.

"அதுதான் ஐயா பயம். நீங்க இத வீடெண்டு எழுதினா, மாப்பிள்ள வீட்டார் இது சின்னவளுக்குரிய வீடெண்டு கேப்பாங்க. குடுக்கத்தான் வேணும். மறுகா நான் என்னத்த ஓட்ட?"

இங்கே விடயம் வரி, பத்திரம் என்பவற்றைக் கடந்துவிட்டது. வீடு என்று நாங்கள் எழுதினால் அவருடைய தொழில் மகளின் சீதனமாகிவிடும். லொறி என்று எழுதினால், திருமணம் பேசியுள்ள ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு ஊரில் வீடே இல்லை என்று நாங்களே சான்றளித்தவர்கள் ஆவோம். திரு. நவரெத்தினம் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "போய்ப் பாப்பம்," என்றார். விசிறி மீண்டும் சுழன்றது.

நாங்கள் நால்வர் சென்றோம்: திரு. நவரெத்தினம், நான், கிராம உத்தியோகத்தர், காத்தான்குடியைச் சேர்ந்த வாகனப் பரிசோதகர் ஹனீபா. லொறியைத் தட்டிப் பார்ப்பதற்கென ஒரு சிறு சுத்தியலை ஹனீபா எப்போதும் காற்சட்டைப் பையில் வைத்திருப்பார். வளவில் மூத்த மகளின் கல்வீடு, நடுவே நனைந்த அத்திவாரம், அப்பால் மூலையில் லொறி. அதன் பெட்டிக்கு மேலே தகரக் கூரை. பக்கப் பலகையில் வெட்டிய யன்னல். யன்னலில் பூப்போட்ட சேலைத் திரை.

ஹனீபா சுத்தியலோடு ஏறப் போனார். வாசலில் வள்ளிப்பிள்ளை நின்றார்.

"சப்பாத்தக் கழட்டிப் போட்டு ஏறுங்க. காலமதான் கூட்டித் துடைச்ச."

"இவ்வளவு காலமும் நான் சப்பாத்தக் கழட்டி லொறி செக் பண்ணினதே இல்ல சேர்," என்றார் ஹனீபா எங்கள் பக்கம் திரும்பி.

"வேற ஆக்கள்ற லொறிக்குள்ள என்னெண்டாலும் செய்யுங்க. இது நாங்க சோறு தின்ற இடம்."

திரு. நவரெத்தினம் குனிந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். மேலதிகாரி கழற்றிய பின் நாங்கள் நிற்க முடியாது.

உள்ளே ஒழுங்குக்குக் குறைவிருக்கவில்லை. யன்னலருகே இளைய மகளின் தையல் இயந்திரம். அதன் பக்கத்தில் சிறிய மேசை விசிறி. சுவரோரம் சுருட்டிய பாய்கள். சாரதி அறை களஞ்சியமாக இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் மஞ்சள், மிளகாய், மல்லித் தகரங்கள் வரிசையாக நின்றன. சுக்கானில் இடியப்பத் தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஹனீபா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுக்கானைத் திருப்பிப் பார்த்தார்.

"ஹோர்ன் வேல செய்யுதா?"

"ஏன் செய்யாது? அதில அமத்தித்தானே இவரச் சாப்பிடக் கூப்பிடுற," என்றார் வள்ளிப்பிள்ளை.

ஹனீபா தாளில் அடையாளமிட்டார். பக்கக் கண்ணாடியை இளைய மகள் தலைவாருவதற்காகத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்திருந்தாள். "கண்ணாடி இரிக்கு. ஆனா றோட்டு தெரியாது, புள்ளட கொண்டைதான் தெரியும்," என்று முணுமுணுத்தபடி அதையும் எழுதிக்கொண்டார்.

இறுதியாக அடிச்சட்டத்தின் செசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் இரும்பில் வெட்டப்பட்ட இலக்கமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். அது இந்த வகை லொறியில் வலப்பக்க முன் சக்கரச் சில்லுக்குப் பின்னால் இருக்கும் என்று ஹனீபா சொன்னார். நாங்கள் இறங்கி வலப்பக்கம் சென்றோம். அங்கே சில்லைக் காணவில்லை. லொறியோடு ஒட்டி ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கி, நிலத்திலிருந்து செசி மறையும் வரை களிமண் திட்டு எழுப்பி, சாணம் பூசி மெழுகி, அதன் மேல் அடுப்பு வைத்திருந்தார்கள். சில்லு திட்டுக்குள் இருந்தது. இலக்கமும் அதற்குள்தான். மேலே உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"இத உடைக்கணும் சேர்," என்றார் ஹனீபா.

வள்ளிப்பிள்ளை அகப்பையோடு குறுக்கே வந்து நின்றார். "எரியிற அடுப்ப உடைக்கவா வந்திங்க? பெரிய கந்தோர்ல இருந்து நாலு பேர் வந்து அடுப்ப உடைச்சிட்டுப் போனாங்க எண்டு ஊர் பேசட்டும். பின்னேரம் சம்மந்தியம்மா வாறா. வீடெங்க எண்டு கேட்டா நான் எதக் காட்ட?"

"கொஞ்ச நாளைக்கு மூத்தவள்ற வீட்டில இருங்கவன் அம்மா," என்றார் கிராம உத்தியோகத்தர்.

"குடுத்த வீட்டிலயா? நல்ல கதை."

அவ்வேளையில் எனக்கு ஒரு வினா தோன்றியது. அதை நான் கேட்டதாலேயே விடயம் தீர்ந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். "அம்மா, அடுப்ப உடைச்சா வீடெங்க எண்டு கேக்கிறிங்க. லொறி ஓடிப் போனா வீடெங்க எண்டு ஏன் கேக்கல்ல?"

"லொறி போனா பொழுதுபட வரும். அடுப்பு போனா வருமா?"

நான் திரு. நவரெத்தினத்தைப் பார்த்தேன். "சேர், குடும்பங்களக் கணக்கெடுக்கக்குள்ள நாங்க ஒரே அடுப்பில சமைச்சுச் சாப்பிடுற ஆக்களத்தான் ஒரு குடும்பமாப் பதியிறம். அப்பிடியெண்டா அடுப்பு இரிக்கிற இடம்தான் வதிவிடம். இந்த அடுப்பு நிலத்தில இரிக்கு. லொறியில இல்ல."

அவர் வளவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்கு மட்டுமே தெரிந்தது. பிறகு மீண்டும் லொறியில் ஏறி, தையல் இயந்திரத்தின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியை நிறுத்தினார்.

"கரண்ட் போயிற்றா?" என்று இளைய மகளின் குரல் கேட்டது.

அவர் இறங்கி வந்தபோது முடிவு இருந்தது. இந்தக் குடும்பத்தின் வதிவிடம் அடுப்பே ஆகும். அவர்கள் லொறியில் உறங்கினார்கள்; அவ்வளவுதான். கட்டிலில் உறங்குபவரின் விலாசம் கட்டில் ஆகாது. அடுப்பை அத்திவாரத்தில் சமையல் குசினி வரவேண்டிய இடத்துக்கு மாற்ற வேண்டும். லொறிக் கதவில் உள்ள வீட்டு இலக்கத்தை அழித்து, அத்திவாரத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் எழுத வேண்டும். அதன் பின்னர் லொறி லொறியாகும். சம்பந்தியம்மாவுக்குக் காட்டுவதற்கு இலக்கத்தோடு வீட்டு நிலமும் இருக்கும்.

வள்ளிப்பிள்ளை இரண்டு நிபந்தனைகளை விதித்தார். அடுப்பை நல்ல நேரம் பார்த்தே கலைக்க வேண்டும். பழைய அடுப்பின் நெருப்பிலேயே புதிய அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும். சம்பந்தியம்மாவை அடுத்த நாள் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பஞ்சாங்கத்தில் மறுநாள் காலை நல்ல நேரம் இருந்தது. நாங்கள் நால்வரும் மீண்டும் சென்றோம். தணல் நிரம்பிய சட்டியை யார் கொண்டு போவது என்ற கேள்வி எழுந்தது. "பைலக் கொண்டு வந்த ஐயாவே கொண்டு போகட்டும்," என்றார் வள்ளிப்பிள்ளை. திரு. நவரெத்தினம் தலையசைத்தார். கல்லூரியில் பரிசில் பெற்று அரச சேவையில் சேர்ந்த ஒருவன், கழுத்துப்பட்டியோடு தணல் சட்டியை ஏந்தி வளவைக் கடந்து நடப்பதை அயலவர்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். அது வதிவிட இடமாற்றம் ஆகையால், கடமை நிமித்தம் என்றே எனது நாட்குறிப்பில் எழுதினேன்.

பால் பொங்கியது. சாமித்தம்பி மண்வெட்டியால் பழைய திட்டைக் கலைத்தார். செசி இலக்கம் வெளிப்பட்டது. உப்புக் காற்றில் நின்ற லொறிகளில் அந்த எழுத்துகளைத் துரு தின்றிருக்கும். கடதாசி வைத்துத் தேய்த்துத்தான் வாசிக்க முடியும். இந்த லொறியிலோ களிமண்ணுக்குள் இருந்து, நேற்று வெட்டியது போல மின்னியது. "எல்லா லொறிக்கும் ஒவ்வொரு அடுப்புக் கட்டச் சொல்லணும் சேர்," என்றார் ஹனீபா.

அடுத்தது பிறேக் சோதனை. அதற்கு லொறி ஓட வேண்டும். பாய்களையும் தையல் இயந்திரத்தையும் இறக்கினார்கள். அவசரத்தில் யன்னல் திரையை மறந்துவிட்டார்கள். எஞ்சின் இரண்டு முறை இருமி உயிர் பெற்றது. மாப்பிள்ளையின் தாயார் தாம்பூலத் தட்டோடு ஒழுங்கையில் வந்துகொண்டிருந்த அதே வேளையில், பூப்போட்ட திரை காற்றிலாட லொறி வேலிப் படலையைத் தாண்டி அவருக்கு எதிரே போய் நின்றது. பிறேக் நன்றாகப் பிடித்தது என்பதை ஹனீபா அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டார்.

அந்த அம்மையார் ஒதுங்கி நின்று மேலும் கீழும் பார்த்தார். "என்ன அண்ணன், வீடெங்க போகுது?"

சாமித்தம்பி சாரதி ஆசனத்திலிருந்து தலையை நீட்டினார்.

"வெட்டுக்குப் போகுது தங்கச்சி."

"வரக்குள்ள என்ன கொண்டு வரும்?"

"வீடு கொண்டு வரும்."

அம்மையார் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பின்பு படலைக்குள் திரும்பி, கம்பத்தில் ஈரம் காயாத இலக்கத்தையும் அதன் கீழே புகைந்த அடுப்பையும் பார்த்தார். "அப்ப சுறுக்காப் போயிற்று வரட்டும்," என்று சொல்லிவிட்டுத் தட்டோடு உள்ளே போனார்.

அன்று பிற்பகல் நான் வரிப்பத்திரம் வழங்கினேன். எந்தப் பத்திரத்திலும் குறை இல்லை. எந்தக் கட்டமும் வெறுமையாக இல்லை. அந்த முறை வெட்டுக் காலம் முழுவதும் லொறி படுவான்கரையில் ஓடியது. அத்திவாரத்தின் மேல் சுவர் எழுந்தது. வீடு முடிந்தது, கலியாணமும் நடந்தது. திரு. நவரெத்தினமும் நானும் சென்று வாழ்த்தினோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவரும் என்னை மேடையில் அவ்வாறு அறிமுகம் செய்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு சாமித்தம்பி பத்திரத்தைப் புதுப்பிக்க வந்தார். திரு. நவரெத்தினம் அப்போது இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார்.

"சின்னவளுக்கும் வீட்டக் குடுத்தாச்சு ஐயா," என்றார்.

"சந்தோசம். இப்ப நீங்க எங்க இரிக்கிங்க?"

"பழைய இடம்தான்."

"லொறி ஓடுதே?"

"ஓடுது. பொஞ்சாதியும் முன்னுக்கு என்னோட வாறா. பொழுதுபட்டா ஒரு நாள் மூத்தவள்ற வாசல், ஒரு நாள் சின்னவள்ற வாசல். விடியப் போயிருவம்."

எனக்கு ஒரு நம்பிக்கை மிஞ்சியிருந்தது. "அடுப்பு எங்க?"

"கேஸ் அடுப்பு ஐயா. மருமகன் வாங்கித் தந்த. லொறிக்குள்ளதான்."

நான் விலாசக் கட்டத்தில் இளைய மகளின் வீட்டு இலக்கத்தை எழுதினேன். வெளியே லொறியிலிருந்து இறங்கி வந்த வள்ளிப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "குடுத்த வீட்டு விலாசம் எங்களுக்கு எதுக்கு ஐயா?" என்றார். ஒரு வாகனம் தன்னிடமே வசிக்க முடியாது என்று விளக்கினேன். அவர் ஏற்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரை ஆண்டுதோறும் இதே உரையாடல் நடந்தது. ஆண்டுதோறும் நான் மகளின் விலாசத்தையே எழுதினேன். எனது ஒப்பத்தின் கீழ் ஒருபோதும் வேறு விலாசம் எழுதப்படவில்லை. ஊர் பேசுவது ஊரின் விருப்பம். கோவையைப் புரட்டிப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இனி விழாவுக்குத் திரும்புகிறேன். புதிய வசதியைச் செய்து காட்டுவதற்காக, வந்திருந்த லொறிக்காரர்களில் ஒருவரை மேடைக்கு அழைத்தார்கள். ஏறியவர் சாமித்தம்பி. கூடவே வள்ளிப்பிள்ளையும் இளைய மருமகனும் ஏறினார்கள். மருமகன் தொலைபேசியில் தட்டத் தட்ட, அது பெரிய திரையில் தெரிந்தது. லொறியின் இலக்கம் கேட்டது, கொடுத்தார். காப்புறுதி கேட்டது; கொடுத்தார். விலாசம் கேட்டது. மருமகன் மாமியைத் திரும்பிப் பார்த்தார். வள்ளிப்பிள்ளை சொன்னார். மருமகன் லொறியின் இலக்கத்தை இன்னொருமுறை தட்டினார்.

நான் இருக்கையில் முன்னால் சாய்ந்தேன். ஒரு பச்சை அடையாளம் தோன்றியது. வரிப்பத்திரம் திரையை நிறைத்தது. சபை கைதட்டியது. நிமிர்ந்து பார்த்தேன், மண்டபத்தின் எல்லா விசிறிகளும் சுழன்றுகொண்டிருந்தன.

விழா முடிந்து வெளியே வந்தபோது வள்ளிப்பிள்ளை என்னைத் தேடி வந்தார்.

"கோவிக்காதிங்க ஐயா. மெசின் மறுகேள்வி ஒண்டும் கேக்கல்ல."

"பார்த்தன்."

"பஸ்ஸுக்கா நிக்கிறிங்க? எங்கடது அந்தா வாசல்ல நிக்குது. வாங்க, தேத்தண்ணி குடிச்சுப்போட்டு கல்லடியில இறக்கி விடுறம்."

முன் ஆசனத்தில் சாரதியோடு மூவர் அமரலாம் என்று அந்த லொறியின் பதிவுப் புத்தகத்தில் இருப்பதை நான் அறிவேன். ஆகவே மறுக்கக் காரணம் இருக்கவில்லை. ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மஞ்சள், மிளகாய்த் தகரங்கள் அதே வரிசையில் நின்றன. வழியெல்லாம் சாமித்தம்பி வீதியையே பார்த்து ஓட்டினார். வள்ளிப்பிள்ளை பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கல்லடியில் எனது வீட்டு வாசலில் நான் இறங்கிக்கொண்டேன். அவர்களுடையது ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டுத் தெற்கே திரும்பியது.